மச்சமும் சரக்கும்



‘ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுவது’ என்றொரு பழமொழி நம் நாட்டில் வழங்குகின்றது. பயனற்ற முயற்சியைச் சுட்டுவதற்கு நாம் அதனை எடுத்தாளுகின்றோம். ஆனால், ஆற்றிலே போட்டதைக் குளத்திலே தேடி எடுத்தும் காட்டிய ஒருவரின் வரலாறு விருத்தாசலத்து மக்களுக்கு மனப்பாடம். விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றின் கரையிலுள்ள அவ்வூர்ச் சிவன் கோயிலில் சுந்தரமூர்த்தி நாயனார் பாடி 12,000 பொன் பெற்றார் என்றும், அப்பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்றும் பெரியபுராணம் கூறும்.

இதனைக் கேட்போர் அற்புதத்திலே மனத்தைச் செலுத்துவர். வரலாறு பயிலும் எனக்கோ, அதில் வரும் ஒரு சிறு செய்தி நெடுநாளாக நெஞ்சை விட்டு நீங்கவில்லை. பொன்னை ஆற்றில் இடுமுன் சுந்தரர் அதில் ஒரு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். அத்துண்டுக்கு மச்சம் என்று பெயர். குளத்திலிருந்து வந்த பொன்னை அம்மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடிய பின்னரே மாற்று ஒத்தது. உரைத்துச் சொன்னவர் விநாயகரே என்பது திருவாரூர் வழக்கு. மாற்றுரைத்த பிள்ளையார் என்றே அவரை அழைப்பர். கொடுத்தவர் இறைவர், கொண்டவர் அவருடைய தோழர். இருந்தும் மச்சம் வெட்டி வைக்கப்பட்டது, உரைகல்லும் வேண்டியிருந்தது. இதனைப் பாடிய சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். தமிழ் வணிகர் கடல் கடந்து கொண்டும் கொடுத்தும் வந்த காலத்தவர். ஓரிடத்தில் ஒப்படைத்த பொருளை வேறோரிடத்தில் பெறுவோன் செய்யவேண்டியது யாது என்பதை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர் என்று நான் கருதுகின்றேன்.

சந்தையிலே சட்டி வாங்கும் பெண் அதனை விரலால் தட்டிப் பார்த்து வாங்குகின்றாள். ஓசை கணீரென்று எழுந்தால் சட்டி நன்றாக வெந்தது; மழுங்கி ஒலித்தால் எங்கோ கீறல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத குறையைக் காது கண்டுபிடித்துவிடும். ஆனால் சட்டி கடலுக்கு அப்பால் இருந்தால் என்ன செய்வது? விற்பவன் முகத்தையும் காணாமல், பொருளையும் தட்டிப் பாராமல், பணத்தை மட்டும் முன்னே அனுப்பும் நிலை வந்தால் என்ன செய்வது? பெருவணிகருக்கு அயல்நாட்டில் ஆள் உண்டு. ஒரு கப்பல் மூழ்கினால் மற்றொன்று கரை சேரும். கைப்பொருள் முழுவதையும் ஒரே சரக்கில் இடும் சிறு கடைக்காரருக்கு அத்தகைய துணை இல்லை. அவர் கடல் கடந்து கொள்முதல் செய்வது எவ்வாறு இயன்றது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

விருத்தாசலத்தை முன்னிட்டு இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அது இன்று பீங்கான் ஊர். அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் மேலே படிந்து கிடக்கும் களிமண் பீங்கானுக்கு ஏற்றது. அவ்வூரில் பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. பீங்கான் தொழில்நுட்பத்தைப் பயிற்றுவிக்கும் அரசினர் கல்வி நிலையமும் உண்டு. மின்கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர், ஃப்யூஸ் கட்டை, அகல் விளக்கு, கொலுப் பொம்மை ஆகியவை அங்குள்ள சூளைகளிலிருந்து வெளிச் செல்கின்றன. ஆயினும் பீங்கான் என்னும் சொல்லைப் பாருங்கள். கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல் அது. கடல் வழியே வந்து நம் நாவில் குடியேறியது. வெண்களிமண்ணைச் சீனக் களிமண் என்கின்றோம். சமையலறையில் கிடக்கும் இரும்புச் சட்டியையும் சீனச்சட்டி என்கின்றோம். பொருள் வந்தபோது பெயரும் உடன் வந்தது. ஆகவே, பீங்கான் ஊரிலிருந்து ஒருவர் சீனத்துக் கோப்பையை விலைக்கு வாங்குகிறார் என்றால், பழைய கதையின் புதிய ஏடு என்றே அதனைக் கொள்ளவேண்டும்.

அவ்வாறு வாங்குகிற ஒருவரை நான் அறிவேன். என்னிடம் வரலாறு பயின்ற பெண்மணி அவர். விருத்தாசலத்தில் தம் வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு இணையத்தின் வழியே அங்காடி நடத்துகின்றார். திருமணம், பிறந்தநாள், பணி ஓய்வு ஆகிய நாட்களில் பரிசளிப்பதற்கென்று கோப்பைகளில் நிழற்படம் பதித்துத் தருவது அவர் தொழில். படம் பற்றும் பூச்சுப் பூசிய வெள்ளைக் கோப்பை அதற்கு வேண்டும். அது சீனத்திலிருந்து வருகின்றது. முதல் முறை வாங்கியபோது விற்பனையாளர் மூன்று கோப்பைகளை வானஞ்சலில் மாதிரியாக அனுப்பினார். அவை குறையற்று விளங்கின. விலையில் பத்தில் மூன்று பங்கை முன்பணமாக அனுப்பி, 500 கோப்பைகளுக்குச் சொல்லிவைத்தார் இவர். இரண்டு திங்கள் கழித்துப் பெட்டிகள் வந்தன. திறந்து பார்த்தால் கோப்பை மெலிந்திருந்தது. படம் ஒருபுறம் மங்கியும் மறுபுறம் திரிந்தும் பதிந்தது. “ஐயா, சுந்தரர் பொன்னும் இப்படித்தானே வந்தது!” என்று என்னிடம் சொன்னார். பிற்பாடு நேர்ந்ததை உரிய இடத்தில் கூறுகின்றேன்.

முதலில் உரைகல்லைப் பார்ப்போம். தாய்லாந்து நாட்டின் தென்பகுதியில், மேலைக் கடற்கரையை அடுத்துக் குவான் லுக் பட் என்னும் பழைய துறைமுக இடம் இருக்கின்றது. மணிகள் செய்த தொழிற்கூடங்களின் எச்சங்கள் அங்கே மிகுதியாகக் கிடைத்துள்ளன. அங்குக் கண்டெடுத்த ஒரு சிறு கருங்கல்லில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ் எழுத்து வெட்டியிருக்கின்றது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் அது. எழுத்தின் வடிவத்தைக் கொண்டு கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என்பர் அறிஞர். பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லர் ஒருவர் கடல் கடந்து சென்றபோது தம் உரைகல்லை உடன்கொண்டு சென்றார். பிறர் கல்லின்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை போலும்! தம் பெயரையும் அதில் பொறித்து வைத்திருந்தார்.

பெயர் பொறிப்பதில் நம் முன்னோர் மிகுந்த கருத்துடையவராய் இருந்தனர். செங்கடற்கரையில் எகிப்து நாட்டிலுள்ள குசைர் அல் காதிம் என்னும் பழந்துறையில், ‘கணன்’ என்றும் ‘சாதன்’ என்றும் தமிழ்ப் பெயர்கள் எழுதிய பானை ஓடுகள் கிடைத்துள்ளன; அவை ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை உடையவை. அதே கடற்கரையிலுள்ள பெரனிகே என்னும் துறையில் இந்தியப் பானை ஒன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. பல பேருடைய சரக்கு ஒரே மரக்கலத்தில் ஏறும்போது என் பானை எது, உன் பானை எது என்று பிரித்தறிவதற்குப் பெயர் வேண்டும். கப்பல் முழுவதையும் தனக்கே உரிமையாகக் கொண்டவனுக்குப் பானைதோறும் பெயர் எழுதும் தேவை குறைவு. அவ்வோடுகளைக் காணுந்தோறும், ஒரு மூலையில் இடம் பிடித்துத் தன் சில பானைகளோடு புறப்பட்ட சிறு வணிகனையே நான் நினைக்கின்றேன்.

பெருவணிகர் எவ்வாறு கொள்முதல் செய்தனர் என்பதற்கு உலகில் எஞ்சியுள்ள சான்றுகளுள் தலைசிறந்தது ஒரு பாப்பிரசு ஏடு. ஆஸ்திரியா நாட்டின் தலைநகராகிய வியன்னாவில், அந்நாட்டுத் தேசிய நூலகத்தில் அது இருக்கின்றது. 1985ஆம் ஆண்டில் அறிஞர் இருவர் அதனைப் படித்து வெளியிட்டனர். கிரேக்க மொழியில் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஏடு அது. கடன் வாங்கியவர் பெயரும் கொடுத்தவர் பெயரும் அழிந்துபோயின. ஆனால் சேர நாட்டு முசிறியின் பெயர் அழியவில்லை. முசிறித் துறையில் சரக்குக் கொள்வதன் பொருட்டு வாங்கிய கடன் பற்றிய உடன்படிக்கை அதில் காணப்படுகின்றது. இங்கே வாங்குபவர் அயல்நாட்டார். விற்பவர் நம்மவர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அவ்வுடன்படிக்கையின் நிபந்தனைகளை நான் பலமுறை படித்ததுண்டு. செங்கடல் துறையில் சரக்கு இறங்கியவுடன் அதனைத் தக்க ஒட்டகக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். பாலைவன வழியில் காவல் வேண்டும். நைல் ஆற்றங்கரையிலுள்ள கொப்தோஸ் நகரத்துப் பொதுக் கிடங்கில் சரக்கை வைத்து, கடன் கொடுத்தவரின் முத்திரையை இடவேண்டும். அங்கிருந்து ஆற்றுப் படகில் ஏற்றி, அலெக்சாந்திரியா நகரத்துச் சுங்கக் கிடங்கில் சேர்த்து, மீண்டும் முத்திரை இடவேண்டும். சரக்கின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கு சுங்கம்! தவணை நாளில் கடன் தீராவிடில் ஈடாக நின்ற சரக்கைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். கடலைப் பற்றிய பேச்சைக் காட்டிலும் கரையைப் பற்றிய பேச்சே இங்கு மிகுதி. எத்தனை கைகளில் சரக்கு மாறுகின்றதோ, அத்தனை இடங்களிலும் ஐயமும் முத்திரையும் உள்ளன.

ஏட்டின் மறுபுறத்தில் ஒரு கணக்கு இருக்கின்றது. கப்பலின் பெயர் ஹெர்மாப்பொல்லோன். கங்கை நாட்டு நளதம் என்னும் நறுமணப் பொருள் 60 பேழை. அதனுடன் யானைத் தந்தமும் பிறவும். இவற்றின் மதிப்பு ரோமாபுரிக் கணக்கில் ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ். ஒரே கப்பலின் சரக்கு இவ்வளவு! ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸை இந்தியா கவர்ந்து கொள்கின்றது என்றும், அங்கிருந்து வரும் பண்டம் நூறு மடங்கு விலைக்கு விற்கப்படுகின்றது என்றும் முதல் நூற்றாண்டில் பிளினி என்னும் ரோமப் புலவர் புலம்பினார். அயல்நாட்டுச் சரக்கால் நம் செல்வம் கரைகின்றதே என்று இன்று நாம் சொல்லும் சொல்லை அன்று அவர்கள் நம்மைப் பார்த்துச் சொன்னார்கள்.

நளதமும் மிளகும் உடையா. பீங்கான் உடையும். ஆகையால் அதனைக் கடல் கடத்துவது ஒரு தனிக் கலை. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவை அடுத்த கடலில் 1998ஆம் ஆண்டில் ஒரு பழங்கப்பல் கண்டெடுக்கப்பட்டது. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மேலைக்கடல் மரக்கலம் அது. சீனத்தில் சரக்கேற்றிக்கொண்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டு நடுவழியில் மூழ்கியது. ஏறத்தாழ 60,000 மட்கலங்கள் அதிலிருந்து எடுக்கப்பட்டன. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826-க்கு ஒத்த சீன ஆண்டு பொறித்திருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை சாங்ஷா நகரத்துச் சூளைகளில் வெந்த கிண்ணங்கள். பெரிய பெரிய சாடிகளுக்குள்ளே அக்கிண்ணங்களைத் திருகு சுருளாக நெருக்கி அடுக்கியிருந்தார்கள். ஒன்றோடொன்று மோதுவதற்கு இடம் விடாமல் அடுக்கிய அந்த அடுக்கு, கப்பல் மூழ்கி ஆயிரம் ஆண்டு கழிந்த பின்னும் பெரும்பாலும் குலையாமல் இருந்தது! சிங்கப்பூருக்குச் செல்லும் மாணவர்கள் அங்குள்ள ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் அக்கலங்களைக் காணலாம். வாங்குவோரின் விருப்பத்துக்கு ஏற்ற கோலங்கள் அவற்றில் தீட்டியிருப்பதையும் காணலாம். எங்கோ உள்ள சூளைக்காரருக்கு எங்கோ உள்ள நுகர்வோரின் விருப்பம் தெரிந்திருக்கின்றது. நம் கரையிலும் இராமநாதபுர மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வந்தவை அவற்றுள் மிகுதி.

இனி, சிறு வணிகருக்குத் துணையாய் நின்றது எது என்னும் கேள்விக்கு வருவோம். என் கருத்தில் அது வணிகக் கணமே. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்றும் நானாதேசியர் என்றும் பெயர் பெற்ற வணிகர் கூட்டம் கன்னட நாட்டு ஐஹொளெயைத் தம் தாயூராகக் கொண்டு தென்னாடெங்கும் பரவியது. மணிக்கிராமத்தார் என்போர் மற்றொரு கூட்டத்தினர். தாய்லாந்தின் தகுவா பா என்னுமிடத்தில் வெட்டப்பட்ட குளம் ஒன்று அவர்தம் பாதுகாப்பில் இருந்ததை 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அறிவிக்கின்றது. சுமத்திரா தீவில், கருப்பூரத்துக்குப் பேர்பெற்ற பாரூஸ் துறையை அடுத்த லோபு துவா என்னும் ஊரில், 1088ஆம் ஆண்டில் ஐந்நூற்றுவர் தமிழில் ஒரு கல்வெட்டுப் பொறித்தனர். துறைக்கு வரும் மரக்கல நாயனும் பிறரும் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு இவ்வளவு பொன் செலுத்த வேண்டும் என்று அதில் விதித்தனர். அயல்நாட்டுக் கரையில், அரசன் அல்லாத வணிகர், தமக்குள் ஒரு விதி செய்து கல்லில் வெட்டினர் என்பது சிறிய செய்தி அன்று. சீனத்தின் சுவான்சௌ துறையில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, அங்குச் சிவன் திருமேனி எழுந்தருளப் பெற்றதைச் சொல்கின்றது. கோயில் இருந்தால் கூடுவதற்கு ஓரிடம் இருக்கும். கூடும் இடம் இருந்தால் எவன் நாணயமானவன், எவன் கைவிரிப்பவன் என்னும் செய்தியும் அங்கே உலவும்.

அச்செய்தி எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு மலையாளக் கரையிலிருந்து ஒரு சான்று. கெய்ரோ நகரத்து யூதர் தொழுகைக் கூடம் ஒன்றில் பழந்தாள்களைப் போட்டுவைக்கும் அறையொன்று இருந்தது. அதிலிருந்து வெளிவந்த ஏடுகளுள், 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜூ என்னும் வணிகருக்கு ஏடன் துறையிலிருந்து நண்பர்கள் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. ஏலக்காய்க்காக உள்ளூர்க்காரர் ஒருவரிடம் முன்பணம் கொடுக்கப்பட்டது, ஏலக்காய் வரவில்லை. கடிதத்துக்குக் கடிதம் அந்தப் பேச்சுத்தான்! எங்கள் ஊரில் கடனை நிறைவேற்றாதவரை விலக்கிவைப்பது வழக்கம் என்று அவரிடம் சொல்லி அச்சுறுத்திப் பாரும் என்றுகூட ஏடன் வணிகர் எழுதிவிட்டனர். ஏடனில் விலக்கிவைத்தால் மங்களூர்க்காரர் ஏன் அஞ்சவேண்டும்? அவருக்கும் மறு ஆண்டு அதே துறையோடு வணிகம் உண்டு. பெயர் கெட்டால் பிழைப்புக் கெடும். முன்பணம் வாங்கிக்கொண்டு மறைபவர் எக்காலத்தும் உண்டு. மறுமுறையும் தன்னிடம் வரவேண்டியவரை அவர் எளிதில் ஏமாற்றுவதில்லை.

அரசர்களின் செய்தியையும் சொல்லாமல் விடலாகாது. காவிரிப்பூம்பட்டினத்தில் இறக்குமதிப் பண்டங்களுக்குச் சுங்கம் கொண்டு புலி முத்திரை பொறித்ததைப் பட்டினப்பாலையிலிருந்து அறிகின்றோம். ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-45ஆம் ஆண்டில் பொறித்த சாசனம் இன்னும் உயர்ந்தது. புயலில் உடைந்து கரையொதுங்கிய கலங்களின் சரக்கை முன்னைய மன்னர் முழுவதும் கவர்ந்துகொண்டனர் என்றும், உயிரினும் பொருளைப் பெரிதென மதித்துக் கடலேறி வந்தவர்க்கு இரங்கி, சுங்கம் நீங்கலாக அனைத்தையும் அவர்க்கே விட்டுவிடுவதாகவும் அவன் அறிவித்தான். சுங்கம் முப்பதில் ஒரு பங்கு. அலெக்சாந்திரியாவின் நாலில் ஒன்றை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! எவ்வளவு என்பது கல்லில் எழுதியிருந்தபடியால், வணிகன் தன் ஊரில் இருந்தபடியே கணக்குப் போடலாம்.

இப்பொழுது நம் கோப்பைகளுக்குத் திரும்புவோம். இறக்குமதி செய்ய விரும்பும் சிறு கடைக்காரர் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்திடம் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டெண் பெறவேண்டும். அது இன்று கடினமான காரியம் அன்று. கடினம் எங்கே என்றால் கணக்கில். கோப்பையின் விலைக்கு மட்டும் சுங்கம் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். கப்பற்கூலியையும் காப்பீட்டையும் கூட்டி வரும் தொகையின்மேல் சுங்கம். அச்சுங்கத்தையும் சேர்த்த தொகையின்மேல் சரக்கு சேவை வரி. பிறகு துறைமுகச் செலவு, முகவர் கூலி, லாரி வாடகை. கோப்பை ஒன்றின் விலை இவ்வளவு மலிவா என்று வியந்து முன்பணம் கட்டியவர், அது தம் வாயிலுக்கு வரும்போது வேறு விலையில் வருவதைக் காண்பார். சரக்கு எவ்விடத்தில் விற்பவர் பொறுப்பை விட்டு வாங்குபவர் பொறுப்புக்கு மாறுகின்றது என்பதைக் குறிக்கும் எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். முதலிய குறிச்சொற்களைப் பாரிஸ் நகரத்துப் பன்னாட்டு வணிகர் கழகம் 1936ஆம் ஆண்டில் தொகுத்து வகுத்தது. மூன்றெழுத்துத்தான், ஆனால் கடலில் பெட்டி நனைந்தால் நட்டம் யாருக்கு என்பதை அம்மூன்றெழுத்தே தீர்க்கும். வணிகவியல் பயிலும் மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், முசிறி ஏட்டையும் ஒருமுறை படித்தல் நன்று.

என் மாணவியின் கதைக்கு வருகின்றேன். மாதிரியாக வந்த மூன்று கோப்பைகளுள் ஒன்றை அவர் பயன்படுத்தாமல் எடுத்து வைத்திருந்தார். அதுவே அவருடைய மச்சம். கொள்முதல் ஓலையில் கோப்பையின் எடையையும் கிராம் கணக்கில் எழுதி, விற்பனையாளரின் ஒப்புதலைப் பெற்றிருந்தார். ‘நிறம் வெள்ளை, தரம் முதல்தரம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் வழக்குக்கு இடமே இராது. முதல்தரம் என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது. எடை அவ்வாறன்று. தராசில் இரண்டு கோப்பைகளையும் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். மாதிரிக் கோப்பை வேறொரு சூளையில் வெந்தது என்று அவர்கள் முதலில் விடை எழுதினர். பல நாள் கடிதப் போக்குவரத்துக்குப் பின்னர், விலையில் ஒரு பகுதியை மறு கொள்முதலில் கழித்துக்கொள்ள இசைந்தனர். பணமாகத் திருப்பவில்லை; மறுமுறையும் தங்களிடமே வரவேண்டும் என்று கட்டிவிட்டனர். ஏடன் வணிகர் கையாள முயன்ற அதே கயிறு, இம்முறை விற்பவர் கையில்!

இதைக் காட்டிலும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது வேறொன்று. இரண்டாம் முறை அவர் தனியே வாங்கவில்லை. கடலூரிலும் சேலத்திலும் இதே தொழில் செய்யும் மூவரைத் தேடிப் பிடித்து, நால்வருமாகச் சேர்ந்து ஒரே சரக்காக வரவழைத்தனர். கொள்கலத்தில் இடமும் மலிந்தது. விற்பனையாளரின் குரலிலும் பணிவு ஏறியது. ஐந்நூற்றுவரின் பெயரை அந்நால்வரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு வினா தீராமல் நிற்கின்றது. அதனை மறைத்துப் பேசுவது முறையன்று. பீங்கான் ஊரில் இருந்துகொண்டு சீனத்துக் கோப்பையை வாங்கலாமா என்று அவ்வூர்ச் சூளைக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. சூளைக்கு எரிபொருள் வேண்டும். வெந்தாலும் வேகாவிட்டாலும் கூலி கொடுக்க வேண்டும். கோடிக்கணக்கில் வடிக்கும் தொழிற்சாலையோடு அவர் எவ்வாறு விலை போட்டியிடுவார்? சீனத்துப் பீங்கான் உணவுக் கலங்கள் நம் சந்தையில் குறைந்த விலையில் குவிக்கப்படுகின்றன என்னும் முறையீட்டின் பேரில் 2017ஆம் ஆண்டில் இந்திய அரசு எடைக் கணக்கில் ஒரு தனி வரியை விதித்தது. அது தக்கதே என்பது என் கருத்து. ஆயின் அத்தகைய வரி, பணம் கட்டிவிட்டுக் கப்பலை எதிர்நோக்கி இருக்கும் சிறு கடைக்காரரின் தலையில் திடீரென்று இறங்குமானால், பெருவணிகர் தாங்குவதை அவர் தாங்க மாட்டார். மோட்டுப்பள்ளிக் கல் சொன்னதுபோல் முன்னரே அறிவித்தால் இருவரும் பிழைப்பர்.

சூளைக்காரரிடம் அப்பெண்மணி சென்று, தமக்கு வேண்டிய மெல்லிய கோப்பையை வார்த்துத் தர இயலுமா என்று கேட்டார். அச்சு வெட்டுவதற்கும் புதிய பூச்சுக்கும் ஆகும் செலவைச் சொன்னார் அவர். குறைந்தது இவ்வளவு கோப்பை வாங்கினால்தான் கட்டும் என்றார். இவரால் அவ்வளவு வாங்க இயலவில்லை. மற்ற மூவரையும் கலந்துகொண்டு சொல்வதாகக் கூறி வந்திருக்கின்றார். இதற்கிடையில், மூன்றாவது கொள்முதலுக்கான மாதிரிக் கோப்பை சீனத்திலிருந்து வந்து சேர்ந்தது. பழைய மச்சத்தோடு சேர்த்துத் தராசில் இட்டபோது 9 கிராம் குறைவாக இருந்தது. சென்ற திங்கள் நான் விருத்தாசலம் சென்றிருந்தபோது இரண்டு கோப்பைகளும் அவருடைய மேசைமேல் அருகருகே இருந்தன. முன்பணம் இன்னும் போகவில்லை.